‘அப்டேட்’டுக்குப் ‘புதுப்பிப்பு’ ஏன் ஆகாது?

திருநெல்வேலி பேட்டையில் அரிசி மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், 2025 செப்டம்பர் கடைசியில் பில் போடுகிற கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, முருகன்குறிச்சியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து இறக்கினார்.

“தம்பி, இதுக்கு அடுத்த மாசத்தோட லைசென்ஸ் முடியுதாம்லா. இனிமே புதுப்பிக்க முடியாதுன்னு போட்டிருக்கான். பொறவு இதை வச்சு என்ன செய்ய? எடைக்குப் போட்டுரவா?”

திரையில் வந்ததைப் போனில் படம் பிடித்தும் வைத்திருந்தார். 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படமாட்டா என்று இருந்தது. செய்தியில் பொய் இல்லை. அண்ணாச்சி படித்ததிலும் பிழை இல்லை. வருசக்கணக்காக மண்டி நடத்துகிறவருக்குப் புதுப்பித்தல் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், வண்டி இன்சூரன்சைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு கெடு, ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம், மூன்றும் சேர்ந்தால் புதுப்பித்தல். கெடு தாண்டினால் அபராதம், இல்லையென்றால் கடைக்குப் பூட்டு. ‘புதுப்பிப்பு கிடையாது’ என்று ஒருவன் சொன்னால் ‘உரிமம் செத்தது’ என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அவர் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ். அந்த உரிமத்துக்குக் கெடு எதுவும் கிடையாது. அக்டோபர் 15 காலையிலும் கம்ப்யூட்டர் ஓடும், பில் அடிக்கும். முக்கியமாக நின்றுபோவது ஒன்று: புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைத்து மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த அந்தத் திருத்தங்கள். இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. கடைசியில் குளத்தங்கரைக்குப் போனேன். “அண்ணாச்சி, கரையில நண்டு வளை விழுந்தா பிசான நெல்லுக்குத் தண்ணி வாறதுக்குள்ள மண்ணு வச்சு அடைப்போம்லா, அதுதான் இது. வயலுக்குப் பட்டா இருக்கிறது வேற விசயம். பட்டா உங்ககிட்ட பத்திரமா இருக்கு. வளை அடைக்க வர்ற ஆளுதான் இனிமே வரமாட்டான்.” சட்டென்று புரிந்துகொண்டார். ஒரு சொல் சரியாக இருந்திருந்தால் நண்டுக்கும் வேலையில்லை, எனக்கும் அரைமணி மிச்சம்.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அப்டேட்’ என்பது ‘அப் டு டேட்’ என்ற தொடரில் இருந்து வந்த வினை. கணக்கையோ தகவலையோ இன்றைய தேதி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்துதல் என்று பொருள். ‘டேட்’ லத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்ற சொல்லின் வழி வந்தது. கடிதம் இந்த ஊரில் இந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று எழுதிய வழக்கத்தின் மிச்சம். ‘டேட்டா’வும் அதே வேர்தான். ‘லைசென்ஸ்’ அனுமதிக்கப்படுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையில் இருந்து வந்தது. அதற்கு ‘உரிமம்’ என்று நாம் வைத்த சொல் நல்ல சொல். உரிமை வேறு, உரிமைக்கான சீட்டு வேறு என்பதை ஒரே ஒரு எழுத்தை மாற்றிக் காட்டிவிடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

கோளாறு ‘புதுப்பிப்பு’தான். புதுப்பித்தல் என்றால் பழசாய்ப் போனதை மறுபடி புதிது போல் ஆக்குவது. கோபுரத்தைப் புதுப்பிக்கிறோம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். இதில் ஆங்கிலத்தின் ‘ரினோவேட்’டும் ‘ரின்யூ’வும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. இரண்டு குடும்பம் இருக்கிற வீட்டில் மூன்றாவதாக அப்டேட்டையும் கொண்டுவந்து வாடகைக்கு வைத்தது யார் என்று தெரியவில்லை. ஆள் வைத்தவர் வாசலில் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

பேங்கு வரிசையில் போய் நின்று பாருங்கள். “பாஸ்புக்குல என்ட்ரி போடணும்” என்று ஒருவர் சொல்வார். அதுதான் அப்டேட், இன்றைய தேதி வரைக்குமான வரவு செலவு ஏறுகிறது, காசு கேட்க மாட்டார்கள். அடுத்தவர், “டெப்பாசிட்டைப் புதுப்பிக்கணும்” என்பார். அது முதிர்ந்துபோன ஒன்றுக்கு மறுபடி காலம் கொடுப்பது. இந்த இரண்டையும் எந்தப் பாட்டியும் குழப்பிக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் தமிழ் எழுதுகிற படித்தவர்கள்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

‘புதுப்பிப்பு’க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, எளிய சொல், எல்லோருக்கும் புரியும். புரிகிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. புரியாத சொல்லாவது பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்பான். தப்பாகப் புரிகிற சொல்லை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. இரண்டாவது காரணம், பட்டனில் அடங்கும். ‘புதுப்பி’ நாலு எழுத்து, ‘இற்றைப்படுத்து’ எட்டு எழுத்து. இதற்குப் பின்னால் வருகிறேன்.

உரிமத்தின் பக்கம் போனால்தான் இந்தக் குழப்பத்தின் முழு விலை தெரியும். விண்டோஸ் உரிமம் ஒரே மாதிரி இல்லை. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது ஒரு வகை, அது அந்த மதர்போர்டோடு கட்டிப்போட்டது. தனியாக விலை கொடுத்து வாங்குவது இன்னொரு வகை, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில், ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அலுவலகத்தின் சர்வரைத் தொடர்பு கொண்டு தன் செயலாக்கத்தை, அதாவது ‘ஆக்டிவேஷனை’, மறுபடி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை செய்தால் 180 நாள் தாங்கும். இதை ஆங்கிலத்திலேயே ‘ரின்யூவல்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆக ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்கு உரிமத் துறைக்குள்ளேயே நியாயமான, துல்லியமான வேலை ஒன்று இருக்கிறது. அதை அங்கிருந்து பிடுங்கி அப்டேட்டுக்குக் கொடுத்துவிட்டால், இந்த இடத்தில் என்ன எழுதுவார்கள்? ‘மீள்புதுப்பிப்பு’ என்பார்களோ என்னவோ.

எங்கள் பக்கம் கல்லூரிப் பையன் ஒருவன் இணையத்தில் அடிமாட்டு விலைக்கு விண்டோஸுக்கு ஒரு சாவி எண் வாங்கிப் போட்டிருந்தான். சரியாக ஆறு மாதத்தில் ‘செயலாக்கம் தேவை’ என்று வந்து நின்றது. மேலே சொன்ன மொத்த உரிமத்தை எவனோ கையகப்படுத்தித் துண்டு போட்டு விற்றிருக்கிறான். பையன் என்னிடம் சொன்னது இதுதான்: “அண்ணே, போன வாரம் புதுப்பிப்பு வந்துச்சு, அதைப் போட்டேன், அதுலதான் லைசென்ஸ் போயிட்டு.” திருத்தம் இறங்கியதற்கும் உரிமம் போனதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அன்று முதல் அவன் கம்ப்யூட்டரில் அப்டேட்டை அணைத்து வைத்துவிட்டான்.

இந்தப் பயத்துக்குப் பழைய வரலாறும் உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 7 காலத்தில், கிராக் போட்ட கம்ப்யூட்டரில் ஒரு அப்டேட் இறங்கி, உரிமம் அசல் இல்லை என்று கண்டுபிடித்து, முகப்புப் படத்தைக் கறுப்பாக்கிய காட்சியை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்போம். அதைப் பார்த்தவர்கள் “விண்டோஸ் போட்டதும் முதல் வேலையா அப்டேட்டை நிறுத்திரணும்” என்று ஒரு சாத்திரமே எழுதிக்கொண்டார்கள். கடைக்காரர்களும் அப்படியே செய்து கொடுத்தார்கள். பிறகு 2017 மே 12 வந்தது. வான்னாக்ரை என்ற பிணைப்பண வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அடைப்பு கையில் இருந்தும் வளையைத் திறந்து வைத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இவ்வளவுக்கும், செயலாக்கம் செய்யாத விண்டோஸ் 10-க்குக்கூடப் பாதுகாப்புத் திருத்தங்கள் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. உரிமம் ஒரு கணக்கு, அடைப்பு ஒரு கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

இந்த மாதாந்தரத் திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். அமெரிக்காவில் காலை என்பதால் நமக்கு இங்கே வந்து சேரும்போது ராத்திரி ஆகிவிடும். செவ்வாய் வெறுவாய் என்று ஒதுக்குகிற நம் ஆட்களுக்கு புதன்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் சௌகரியம்தான்.

ஏமாற்றுக்காரனும் இந்தச் சந்தில்தான் நுழைகிறான். ‘உங்கள் பாதுகாப்பைப் புதுப்பிக்கவும்’ என்று ஒரு பெட்டி திரையில் குதிக்கும். இது அப்டேட்டா, ஆன்டிவைரஸ் சந்தாவா, திருடனா? மூன்றுமாக இருக்கலாம் என்கிற சொல்லைத் திரையில் வைத்துவிட்டு, ‘விழிப்புடன் இருங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் என்ன பயன்?

சரி, எது சொல்? ‘மேம்படுத்தல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆகாது. விண்டோஸ் 10-இல் இருந்து 11-க்குப் போவது மேம்படுத்தல், அது ‘அப்கிரேடு’. வீட்டுக்கு மாடி எடுப்பதும் ஒழுகுகிற கூரையில் ஓடு மாற்றுவதும் ஒன்றா? ‘பேட்ச்’ என்பதற்கு ‘இணைப்பு’ என்று போடுகிற கூத்தும் நடக்கிறது. மின்னஞ்சலோடு அனுப்புவது இணைப்பு, சுட்டி அழுத்துவது இணைப்பு, நெட் வருவது இணைப்பு, கேஸ் சிலிண்டர் இணைப்பு. இப்போது ஓட்டை அடைப்பதும் இணைப்பு. பஞ்சர் கடைக்காரர் ‘ஒட்டு’ என்கிறார், அதுவே போதும்.

அப்டேட்டுக்கு என் வாக்கு ‘இற்றை’க்கு. இலங்கைத் தமிழர் எழுத்திலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் ‘இற்றைப்படுத்தல்’ புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று அற்றை ஆகும், இன்று இற்றை ஆகும், பண்டு பண்டை ஆவது போல. பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள்’, ‘இற்றைத் திங்கள்’ என்று அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடினார்கள். ஆண்டாள் ‘இற்றைப் பறை’ என்றாள். ‘இன்றைய’ என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. ‘அப் டு டேட்’ சொல்ல வந்ததும் அதைத்தானே. அரசாங்கக் கடிதங்களில் ‘நாளது வரை’ என்று ஒரு தொடர் உண்டு. பதிவேட்டை நாளது வரை எழுதி முடித்தல் என்பார்கள். அச்சு அசல் அப்டேட். அதை ஒற்றை வினையாகச் சுருக்க முடியாது என்பதால் மட்டும் விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் பேப்பர் படிக்கக் கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “என்னவே, நம்மூர்ல போய் இற்றைன்னா எவன் ஒத்துக்கிடுவான்? கயிறு இத்துப்போச்சு, சேலை இத்துப்போச்சுன்னு சொல்லுத ஊருவே இது. கம்ப்யூட்டரை இத்துப்போக வைக்கிற மிசின்னு நெனச்சுக்கிடுவான்.”

நல்ல கேள்வி. இறுதல் என்றால் ஒடிதல், நைந்துபோதல். அதன் இறந்தகாலம் ‘இற்று’. பேச்சில் ற்ற எல்லாம் த்த ஆகிவிடுகிற நம் ஊரில் இரண்டும் ஒரே ஓசைக்கு வந்துவிடும். ஆனால் ஓசை ஒன்றாக இருப்பது வேறு, இடம் ஒன்றாக இருப்பது வேறு. ‘மாடு இத்துப்போச்சு’ என்று யாரும் சொல்வதில்லை. நைந்துபோகிற பொருளுக்குத்தான் அந்தச் சொல். மென்பொருளுக்குப் பக்கத்தில் அது வந்து உட்காராது. உரிமமும் திருத்தமும் அப்படி இல்லை, ஒரே திரையில், ஒரே பெட்டியில், ஒரே மாதத்தில் வருகின்றன. அங்கேதான் சொல் பிரிந்து நிற்க வேண்டும். பட்டன் நீளத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ‘இற்றை’ மூன்று எழுத்து, ‘புதுப்பி’யை விட ஒன்று குறைவு. வந்தது ஓர் இற்றை, பாதுகாப்பு இற்றை, இற்றை நிறுவு. ‘படுத்து’வைப் படுக்கப் போட்டுவிடலாம்.

மொழிபெயர்க்கிறவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து, சொல் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று பேசினால், அவர் எந்தத் திரையில் எந்தச் சொல் வரும் என்று பார்க்காமல்தான் எழுதுவார். பட்டியலில் அப்டேட் ஒரு வரி, ரின்யூ வேறொரு வரி, நடுவில் முந்நூறு வரி. இரண்டுக்கும் அதே சொல்லைப் போட்டது அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் எழுதியதை வாய்விட்டு ஒரு கடைக்காரரிடம் படித்துக் காட்ட எத்தனை நிமிடம் ஆகும்? விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு கூடுதலாக இற்றைகள் பெறப் பதிவு செய்துகொள்ள வழி வைத்தார்கள். அதை ‘நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்குப் பதிவுசெய்க’ என்று எழுதினால், நீட்டிப்பு, புதுப்பிப்பு, பதிவு மூன்றும் தாலுகா ஆபீஸ் வாசனைதான் அடிக்கும். யார் அமுக்குவார்?

அண்ணாச்சிக்கு அந்தப் பதிவை நானே செய்து கொடுத்தேன். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டும் ஒட்டினேன்: ‘புதுப்பிப்பு என்று மட்டும் வந்தால் அது இற்றை, காசு கிடையாது, அமுக்கலாம். கூடவே உரிமம், சந்தா என்று வந்தால் தொடாமல் எனக்குப் போன் போடவும்.’

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை, கடை திறக்கும் முன்னே போன் வந்தது. பின்னால் மூடை இறக்குகிற சத்தம்.

“தம்பி, இத்தை வந்திருக்கு. போட்டுரவா?”

“போட்டுருங்க அண்ணாச்சி.”