பவுடர் பூசிய முகம் ஏன் சாம்பல் பூக்கிறது?

சென்ற கோடையில் காசிமேட்டில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். பிளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள் முதன்முறையாகத் தானே ஒப்பனை செய்துகொண்டு வந்திருந்தாள். நேரில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரவு யாரோ ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தைப் பார்த்ததும் அவள் முகம் தொங்கிவிட்டது. படத்தில் முகம் திருநீறு அப்பியதுபோல் வெளுத்திருந்தது. கழுத்து மட்டும் அவளுடைய சொந்த மாநிறத்தில் இருந்தது.

"அத்தை, கண்ணாடியில் இப்படித் தெரியவில்லையே?" என்றாள். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் நான். ஆறுதல் சொல்ல எனக்கு அவ்வளவாக வராது, விளக்கம் சொல்ல வரும்.

விளக்கம் அந்த வீட்டிலிருந்து நூறடி தூரத்திலேயே கிடைத்தது. மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் ஐஸ் பாரைப் பாருங்கள். நல்ல பார் என்றால் அதனூடே மறுபக்கம் தெரியும். அதையே அரைத்துக் கூடையில் கொட்டினால் வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஐஸ் நிறம் மாறவில்லை. தூளுக்கு நடுவே காற்று புகுந்துகொண்டது, அவ்வளவுதான். ஒளி ஐஸிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து ஐஸுக்கும் தாவும் ஒவ்வொரு விளிம்பிலும் கொஞ்சம் சிதறுகிறது. ஆயிரம் விளிம்புகளில் சிதறி, எல்லா நிறமும் கலந்து திரும்பி வரும் ஒளியைத்தான் கண் வெள்ளை என்கிறது. அந்தத் தூளில் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை மங்கிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வேகம் குறைந்து வளைகிறது என்பதைச் சொல்லும் அளவு ஒளிவிலகல் எண். ஐஸுக்கு அது 1.31, தண்ணீருக்கு 1.33. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் ஒளிக்கு விளிம்பே தெரிவதில்லை.

டால்கம் பவுடரும் இதே கதைதான். டால்க் என்பது மக்னீசியம் சிலிக்கேட், கனிமங்களிலேயே மிக மென்மையானது. மெல்லிய தகடாகப் பிரித்தால் ஒளி ஊடுருவும். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.6; காற்றுக்கு 1. இந்த இடைவெளியால்தான் டப்பாவில் வெள்ளையாக இருக்கிறது. முகத்தில் பூசிய பிறகு நெற்றியும் மூக்கும் எண்ணெய் விடும். தோல் எண்ணெயின் எண் 1.5-ஐ ஒட்டியது. பஜ்ஜி வைத்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி மாதிரி ஆவதுபோல, அங்கே பவுடர் மறைந்துவிடும். எண்ணெய் குறைவான கன்னத்து ஓரத்திலும் காதருகிலும் காற்று அப்படியே நிற்பதால் வெள்ளையும் நிற்கும். திட்டுத் திட்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அன்றைய படத்தில் முகம் திட்டாக இல்லை, முகமூடி போட்டதுபோல ஒரே வெளுப்பாக இருந்தது. அதற்குக் காரணம் பவுடருக்கு அடியில் பூசியிருந்த ஃபவுண்டேஷன், அதாவது முகம் முழுக்க ஒரே நிறமாகத் தெரியப் பூசும் கிரீம். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடுதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டிலும் இருக்கிறது. ஒளிவிலகல் எண் 2.7 வரை போகும், வைரமே 2.4-தான். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து வந்தாலும் இந்த வெள்ளையை மறைக்க முடியாது. துகளின் அளவு 200 முதல் 300 நானோமீட்டர் வரை, அதாவது நாம் காணும் ஒளியின் அலைநீளத்தில் பாதி. ஒளியை வாரி இறைக்க அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது.

வெள்ளைதானே, பிறகு ஏன் சாம்பல்? நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி நீல ஒளியை அதிகம் விழுங்கி, சிவப்பையும் மஞ்சளையும் கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. மாநிறத்தின் இளஞ்சூடு அதில்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு வெள்ளைத் திரையை விரித்தால், மெலனின் விழுங்கிய நீலம் திரையிலிருந்து திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. சூடு நீர்த்துச் சாம்பலாகிறது. சில சன்ஸ்கிரீன்களில் துகள் இன்னும் நுண்ணியது; அது நீலத்தை மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறடிக்கும். கரிய சுவருக்கு முன்னால் ஊதுபத்திப் புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். ஃபிளாஷ் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒளி கேமராவின் பக்கத்திலிருந்தே கிளம்பி, திரையில் பட்டு, நேரே கேமராவுக்கே திரும்புகிறது. பல திசைகளிலிருந்து ஒளி வரும் அறையில் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதற்கு மாற்று நம் வாசலிலேயே இருக்கிறது. கோலத்துக்குப் பட்டை தீட்டும் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று இரும்பு ஆக்சைடுகளோடு டைட்டானியத்தின் வெள்ளையைக் கலந்துதான் ஃபவுண்டேஷன் நிறங்கள் பெரும்பாலும் பிறக்கின்றன. மாநிறத்துக்கு வெள்ளை குறைந்து இரும்பு கூட வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் இவளுக்கு விற்றது இரண்டு படி வெளுத்த நிறம். எல்.இ.டி. விளக்கின் கீழ், புறங்கையில் தடவி, "முகம் எடுப்பாக இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில் ஒரு கோடு தடவிக்கொண்டு தெருவுக்கு வந்து வெயிலில் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தண்ணீர் தெளித்த மண் கறுப்பதுபோல, தோல் எண்ணெய் ஊறியதும் நிறம் சற்று இறங்கும்.

பதினாறு வயதில் முகம் முழுக்க ஃபவுண்டேஷன் எதற்கு என்பது என் கட்சி. பரு விட்ட தழும்பின் மேல் மட்டும், அதை மறைக்கும் கன்சீலர் கிரீம் கொஞ்சம் போதும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் வெளுத்த கன்சீலரைத் தொடாதீர்கள், அது சாம்பலைக் கூட்டும். ஆழத்தில் இருக்கும் மெலனின் மேலிருந்து பார்க்க நீலச் சாயலாகத் தெரியும். அங்கே குறைவது சிவப்பும் மஞ்சளும். ஒரு பொட்டு ஆரஞ்சு நிற கரெக்டர் அதை ஈடுகட்டும்.

இணையத்தில் ஆசிய முகத்துக்கான ஒப்பனை என்று தேடினால் வருவது பெரும்பாலும் கொரிய முகம். இமையில் மடிப்பில்லாத கண்ணுக்கு, கோட்டைத் தடிமனாகப் போட்டால்தான் கண் திறக்கும்போது தெரியும் என்பார்கள். மடிப்பு தெளிவாக இருக்கும் கண்ணுக்கு அந்த அளவு மை வேண்டாம். மேலிமை முடியின் வேரை ஒட்டி ஒரு மெல்லிய கோடு போதும்.

மை என்றதும் என் பாட்டி நினைவுக்கு வருகிறார். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியைச் சுரண்டி, அதே எண்ணெயில் குழைப்பார். கரித்துகள் எதிலும் கரையாது; எண்ணெய் போகும் இடமெல்லாம் கூடவே போகும். இமையின் விளிம்பிலேயே எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் ஒவ்வொரு இமையிலும் 20-க்கு மேல் இருக்கின்றன. ஈரமான உள்விளிம்பில் மை தீட்டினால் அந்த வாய்கள் அடைபடும், மையும் மதியத்துக்குள் கன்னத்துக்கு வந்துவிடும். அழியாத காஜல் பலவற்றில் ஆவியாகிவிடும் சிலிக்கோன் திரவமும், அது போனபின் படலமாக இறுகும் பிசினும் இருக்கின்றன. அதனால்தான் தீட்டிய கையோடு ஒரு நிமிடம் கண்ணைக் கசக்காமல் இருக்க வேண்டும். பெயரில்லாத டப்பாவில் வரும் சுர்மா என்ற கண் மைப்பொடி வேண்டாம். அதில் ஈய சல்பைடு இருக்கக்கூடும்.

உதட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிப்ஸ்டிக்கிலும் பாட்டியின் விளக்கெண்ணெய்தான், மெழுகோடு சேர்ந்து. மேலுதடு கறுத்தும் கீழுதடு சிவந்தும் இருப்பது நம்மில் சகஜம். செங்கல் நிறமோ பழுப்புச் சிவப்போ இரண்டையும் ஒன்றாக்கும். வெளிர் ரோஜா நிறத்தில் மறுபடி அதே டைட்டானியம், அதே சாம்பல்.

ஒரு வாரத்தில் சிவப்பாக்கும் கிரீம் என்று முகவரியில்லாமல் விற்பதை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும். மெலனின் செய்யும் நொதியை அது முடக்குவது உண்மைதான். தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

படுக்கும் முன் கழுவ வேண்டும். தண்ணீருக்கு மை மசியாது. பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு இமையில் மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு மென்மையான சோப்பால் முகத்தைக் கழுவலாம். பரு வரும் கன்னத்தில் அந்த எண்ணெய் தங்கக் கூடாது.

போன மாதம் தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கண்ணில் மெல்லிய மைக்கோடு, நெற்றியில் பொட்டு, வேறொன்றும் இல்லை. பவுடர் டப்பா எங்கே என்றேன். கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்த தம்பியைக் காட்டினாள். டால்க்கின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குபவை. ஸ்டிரைக்கர் பலகையில் வெண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது.