ஜியோயிட்: புவியுரு

மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில், அலை நனைக்கும் மணலில் நில அளவை ஜி.பி.எஸ். கருவியை நிறுத்தினால் அதன் திருத்தாத உயரம் பூச்சியத்துக்கு 90 மீற்றருக்கும் கீழே வரும். கருவியில் பழுதில்லை. மத்தியகோட்டு ஆரை 6378.137 கி.மீ., முனைவு ஆரை 6356.752 கி.மீ. கொண்ட கணித நீள்வளையத் திண்மத்திலிருந்து அது அளக்கிறது. கடலோ ஈர்ப்பு சொன்ன மட்டத்தில் நிற்கிறது. அந்த மட்டமே ஜியோயிட்.

சொல்லை 1873இல் ஆக்கியவர் ஜேர்மனியக் கணிதரான லிஸ்ரிங். கிரேக்கத்தில் ‘கே’ பூமி, ‘எய்டோஸ்’ வடிவம். கருத்தை 1828இலேயே கணிதர் காவுஸ் சொல்லிவிட்டார். தமிழில் ‘புவிவடிவம்’ என்றால் மலையும் பள்ளமும் நினைவுக்கு வரும்; ஆகவே ‘புவியுரு’ பொருத்தம். ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்த அழுத்தம் (potential: ஓரலகுத் திணிவுக்குரிய நிலைச்சக்தி) எங்கும் சமமாக இருந்து, சராசரிக் கடல் மட்டத்தோடு ஏறத்தாழப் பொருந்தும் மேற்பரப்பு என்று வரையறையையும் சேர்த்தே மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

இதற்கு வழிவிட்டது ஓர் ஊசற் கடிகாரம். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே பாரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது: மத்தியகோட்டருகே ஈர்ப்புக் குறைவு. நியூட்டன் 1687இல், அடர்த்தி சீரானது எனக் கொண்டு, தட்டைத்தன்மை (இரு ஆரைகளின் வேறுபாட்டை மத்தியகோட்டு ஆரையால் வகுத்தது) 1/230 என்றார். அந்த எடுகோள்தான் பிழை. உள்ளே அடர்த்தி கூடுகிறது. 1736–37இல் வட ஐரோப்பாவின் லாப்லாந்து சென்று பூமியின் வளைவை அளந்த குழுவில் இருந்த பிரெஞ்சுக் கணிதர் கிளெய்ரோ, 1743இல் உள்ளடர்த்தி எப்படிப் பரவினாலும் பொருந்தும் அழகான தேற்றத்தைத் தந்தார். மத்தியகோட்டில் மையநீக்க ஆர்முடுகலை ஈர்ப்பால் வகுத்து (0.00347) இரண்டரையால் பெருக்குங்கள், மத்தியகோட்டிலிருந்து முனைவுவரை ஈர்ப்பு கூடும் பின்னத்தை (9.780இலிருந்து 9.832, அதாவது 0.0053) கழியுங்கள். கிடைப்பது தட்டைத்தன்மை, இன்றைய 1/298க்கு மிக அருகே. பூமியைத் தோண்டாமலே அதன் உருவம்!

அந்தத் தட்டையான நீள்வளையத் திண்மத்திலிருந்து விலகும் மேடுபள்ளத்தையே புவியுரு காட்டுகிறது. உலகின் ஆகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, ஏறத்தாழ 106 மீற்றர்.

கணிப்பில் வழக்கமான தவறு குறியில்தான். கடல்மட்ட உயரம் = கருவி உயரம் − புவியுரு உயரம். நம் பகுதியில் பின்னது மறை எண், கழித்தால் கூடும். மறையை விட்டுவிட்டால் விடை 180 மீற்றருக்கு மேல் பிழைக்கும். அம்பாறை வாய்க்காலுக்கு ஜி.பி.எஸ். கொண்டு மட்டம் பார்க்கும்போதும் இத்திருத்தம் வேண்டும்: தண்ணீர் ஓடுவது புவியுருவைப் பார்த்தே.