பசாஷி: சுஷியும் இல்லை, பச்சைக் குதிரையும் இல்லை

ஜப்பான் சாப்பாட்டுக் காணொளிகளில் குமமோட்டோ ஊர் வந்துவிட்டால் போதும், கீழே 'குதிரை சுஷி' என்று தமிழில் ஓடும். பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது.

அந்தப் பண்டத்தின் பெயர் பசாஷி. 'ப' என்றால் குதிரை. சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு. தனியாகச் சொல்லும்போது 'உமா' என்பார்கள். 'சாஷி', குத்துவதைக் குறிக்கும் 'சாசு' என்ற வினையிலிருந்து வந்தது. சமைக்காத மீனைச் சீவி வைக்கும் சாஷிமியில் இருப்பதும் அதுதான். வெட்டுவதை ஏன் குத்துவது என்றார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, விடுங்கள்.

பண்டம் இதுதான்: சமைக்காத குதிரை இறைச்சியை மெல்லிசாகச் சீவி, சில்லென்று அடுக்கி, இஞ்சியோ பூண்டோ துருவி வைத்து, சற்றே இனிக்கும் சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுவார்கள். பிடரிமயிருக்கு அடியில் இருக்கும் வெள்ளைக் கொழுப்பையும் சிவப்புத் துண்டோடு சேர்த்து வைப்பது உண்டு. நாகானோ, ஐஸு என்ற வேறு பகுதிகளிலும்கூட இது பழக்கம். ஐஸுவில் காரமான மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது, சேர்ப்பார்கள்.

இதில் சோறு எங்கே இருக்கிறது? சுஷி என்றாலே வினிகர் கலந்த சோறு. சோற்று உருண்டைமேல் குதிரைத் துண்டை வைத்த சுஷியும் குமமோட்டோவில் தனியாகக் கிடைக்கிறது. பசாஷியைச் சுஷி என்று எழுதிவிட்டால் அதை என்னவென்று எழுதுவது?

சுஷியை விட்டவர்கள் 'பச்சைக் குதிரைக்கறி' என்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் பச்சைக்குதிரை என்றால் குனிந்து நிற்பவனைத் தாண்டும் விளையாட்டுதான். பச்சை என்ற அடை குதிரையோடு ஒட்டிக்கொள்கிறது, இறைச்சிக்குப் போய்ச் சேரவில்லை. சரி, 'குதிரைப் பச்சைக்கறி' என்று மாற்றலாமா? பக்கத்து மலையாளத்தில் பச்சக்கறி என்றால் காய்கறி! கறி என்ற சொல்லே ஊருக்கு ஊர் மாறும். நம்மூர்க் கறிக்கடையில் அது ஆட்டிறைச்சி. சில வீடுகளில் வாழைக்காய்ப் பொரியல். இலங்கையில் குழம்போ பிரட்டலோ. அங்கே மாமிசத்தை இறைச்சி என்றுதான் சொல்வார்கள். எல்லாருக்கும் புரிகிற சொல் இருக்கும்போது கறியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

தூய தமிழ் அன்பர்கள் 'பரியூன்' என்பார்கள். பரியும் நல்ல சொல், ஊனும் நல்ல சொல். சேர்த்துச் சொன்னால் யாருக்காவது தட்டு நினைவுக்கு வருகிறதா? அகராதியைத் திறக்க வைக்கும் சொல் உணவுப் பட்டியலுக்கு ஆகாது.

இன்னொரு கூத்து, 'செர்ரிப்பூ இறைச்சி'. குதிரை இறைச்சிக்கு ஜப்பானில் 'சகுரா', அதாவது செர்ரிப்பூ, என்று செல்லப்பெயர். காட்டுப்பன்றிக்கு 'போதான்' என்ற பூவின் பெயர், மானுக்கு 'மொமிஜி' என்ற மரத்தின் பெயர். புலால் தின்பதை வெளியே சொல்லக் கூசிய காலத்து மறைபெயர்கள் இவை என்பார்கள். இறைச்சியின் நிறத்தால் வந்த பெயர் என்போரும் உண்டு. எப்படியானாலும் பூவைப் பிய்த்துப் போட்ட பண்டம் இல்லை. 'சகுரா நாபே' என்று வந்தால் 'சட்டியில் கொதிக்கும் குதிரை இறைச்சி' என்று எழுதிவிட்டு, பூவை வேண்டுமானால் அடுத்த வரியில் சொல்லலாம்.

'அப்போதே வெட்டிய பசும் இறைச்சி' என்று அலங்காரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இது தப்பு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. குதிரைச் சதையில் ஓர் ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால், பச்சையாகத் தின்னும் இறைச்சியை உறையவைக்கும்படி 2011-இல் ஜப்பான் சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. உட்புறம் மைனஸ் 20 டிகிரியில் 48 மணி நேரம் இருப்பது அதில் ஒரு முறை. ஆக, தட்டுக்கு வருவது பெரும்பாலும் உறைந்து இளகிய துண்டு. சமைக்காதது வேறு, புதியது வேறு. 'பச்சை' இரண்டையும் குறிப்பதால் எழுதுபவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

என் தீர்ப்பு: பெயர் பசாஷியாகவே இருக்கட்டும். முதல் முறை வரும்போது 'சமைக்காமல் சீவிய குதிரை இறைச்சி' என்று விளக்கினால் போதும். தமிழ்ப்பெயர் வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு 'குதிரையிறைச்சிச் சீவல்'. வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தால் வரட்டும், சீவுகிற வேலையாவது அதில் சரியாக இருக்கிறது.