ஆயில் ஒழுகும் பழைய இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

பல ஆண்டுகள் ஷெட்டில் நின்றிருந்த ஒரு பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் என்னிடம் வந்தபோது, அதன் பின்பக்க ஆயில் சீல் ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. மூன்றாவது முறையும் ஒழுகவே, இன்ஜினை இறக்கி முழு வேலை செய்துவிடலாம் என்ற முடிவோடு உரிமையாளர் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். இன்ஜினின் உள்ளே சேரும் வாயு வெளியேறுவதற்காகப் பக்கவாட்டிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயின் வாயில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன்; இரண்டு விரற்கடை போனதும் முட்டி நின்றது. குழாயைக் கழற்றித் தட்டியதில் முதலில் உதிர்ந்தது குளவி கட்டிய மண்கூடு. அதற்கும் மேலே, குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் இருந்த கம்பி வலை, தார்போல இறுகிய கரும்பிசினால் முழுவதும் அடைத்துக் கிடந்தது.

எவ்வளவு நல்ல பிஸ்டன் ரிங்காக இருந்தாலும், சிலிண்டரில் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அதைத் தாண்டிக் கீழே, இன்ஜினின் அடிப்பகுதி அறையான கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். அதற்கு வெளியேற வழியில்லாமல் போனால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே இளக்கமாக இருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும். பழைய இன்ஜின்களில் பின்பக்க சீல் பெரும்பாலும் கயிறு திரித்தது போன்ற பேக்கிங்தான். சிறிய அழுத்தத்துக்கும் அது தாக்குப்பிடிக்காது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்பதும், இன்ஜினின் மேல்மூடியான டாப்பட் கவரின் பேக்கிங் எத்தனை முறை மாற்றினாலும் கசிவதும் இதே காரணத்தால் வரக்கூடியவை. ஒழுகும் இடத்தைப் பார்த்துப் பழுது பார்க்கிறோமே தவிர, உள்ளே ஏறும் அழுத்தத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் நீண்ட நாள் மனக்குறை.

அழுத்தத்தைவிட மெதுவாக, ஆனால் ஆழமாகக் கெடுப்பது ஈரம். 1 லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டி இறங்கும் பங்கு, எரியாத பெட்ரோலையும் அமிலத்தன்மையுள்ள வாயுக்களையும் சேர்த்துக்கொண்டு ஆயிலில் கலக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, உள்ளே காற்றோட்டமும் இருந்தால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். பழைய வண்டிகளோ வாரத்துக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்யப்பட்டு, பத்து நிமிடம் ஓடி, மீண்டும் நிறுத்தப்படுபவை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல மஞ்சள் கலந்த வெள்ளைப் பசை படிந்திருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் பேக்கிங் போய்விட்டதென்று உடனே பயப்பட வேண்டாம். ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் இருந்தால், அது பெரும்பாலும் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிய ஈரம்தான்.

பழைய ஏற்பாடு மிக எளிமையானது. ஆயில் ஊற்றும் மூடியில் உள்ள கம்பி வலை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். வண்டி ஓடும்போது, கீழே சாய்வாக வெட்டப்பட்ட குழாய் முனையைக் கடந்து விரையும் காற்று, உள்ளிருக்கும் வாயுவை இழுத்து வெளியேற்றும். நின்ற இடத்தில் ஓடும்போதும் மெதுவாக ஊர்ந்து செல்லும்போதும் இந்த இழுப்பு ஏறக்குறைய இல்லை என்பது இதன் பலவீனம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆழமான நீரைக் கடக்க வேண்டிய டாங்குகளில் திறந்த குழாய் வைக்க முடியாததால், வாயுவை, சிலிண்டர்களுக்குப் பெட்ரோல் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டுக்கே திருப்பி அனுப்பும் முறை பயன்படுத்தப்பட்டது. பின்னர் காற்று மாசைக் குறைக்கும் நோக்கில் 1961 மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் விற்ற கார்களிலும் அது வந்தது. பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு) என்று நாம் சொல்லும் சிறிய உருப்படி அதன் மையம்.

அந்த வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு முளையும் மட்டுமே உண்டு. ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, மேனிஃபோல்டின் இழுப்பு மிக அதிகம் என்பதால் முளை இழுபட்டு வழியைக் குறுக்கிவிடும். சாலையில் ஓடும்போது இழுப்பு குறைய, முளை நடுவில் நின்று அதிக வாயுவை விடும். கார்புரேட்டரில் பேக்ஃபயர் ஆனால், அதாவது தீ பின்னோக்கி அடித்தால், முளை எதிர்ப்பக்கம் போய் அடைத்து, தீ கிராங்க்கேஸுக்குள் இறங்காமல் காக்கும். ஆகவே, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதென்று வேறு இன்ஜினின் வால்வைச் செருகக் கூடாது. அதன் துளை அளவும் ஸ்பிரிங்கின் வலுவும் குறிப்பிட்ட இன்ஜினுக்கு என்றே கணக்கிடப்பட்டவை. தவறான வால்வு பொருத்தியபின், ஸ்லோவில் நடுங்கும் வண்டிக்குக் கார்புரேட்டரை மாதக்கணக்கில் நோண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்வதற்கு முன், ரிங்கின் நிலையை அறிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே ஏறும் அழுத்த அளவு) பார்த்து, குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு கணிசமாக உயர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் பிரீதரில் புகை அடிப்பதை எந்த வால்வும் குணப்படுத்தாது. கம்ப்ரெஷன் சரியாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு போகலாம். வால்வு உள்ள இன்ஜினில் அதைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஓடும் இன்ஜினில் வால்வின் வாயை விரலால் மூடினால் இழுப்பு உறைக்க வேண்டும். புதுக்காற்று வரும் மற்ற வழியை அடைத்துவிட்டு, ஆயில் மூடி இருந்த இடத்தில் ஒரு கெட்டித் தாளை வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பி வலைகளையும் குழாயையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிசின் முழுவதும் இளகும்வரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். எனக்கு இரண்டு நாள்கூட ஆனதுண்டு. அவசரப்பட்டுத் தீயில் காட்டிச் சுட்டெடுப்பவர்கள் உண்டு; அந்த வலை எண்ணெயில் ஊறியது என்பதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். காய்ந்த பிறகு, காற்று உள்ளே வரும் மூடியின் வலையைப் புது ஆயிலில் நனைத்து வடியவிட்டுப் பொருத்தினால்தான் தூசியைப் பிடிக்கும். டாப்பட் கவரின் உள்ளே, பிரீதர் துளைக்கு நேர்கீழே ஒரு தகட்டுத் தடுப்பு இருக்கும். அழகுக்காகப் புது கவர் மாற்றும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தடுப்பு இல்லாவிட்டால் தெறிக்கும் ஆயில் நேராக மேனிஃபோல்டுக்குப் போய், பின்னால் நீலப்புகை வரும். ரப்பர் குழாய்க்கு ஆயிலைத் தாங்கும் ரகமே வேண்டும். ரேடியேட்டர் குழாயை வெட்டிப் போட்டால், சில மாதங்களில் உப்பி மிருதுவாகி, இழுப்பில் தட்டையாகி ஒட்டிக்கொள்ளும்.

திறந்த குழாய் உள்ள இன்ஜினை வால்வு முறைக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களிடம், தினமும் ஓட்டுகிற வண்டியென்றால் மாற்றலாம், ஆனால் பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தி, எதையும் வெட்டாமல் மாற்றுங்கள் என்றே சொல்கிறேன். வாயு எல்லா சிலிண்டர்களுக்கும் சமமாகப் போகும்படி கார்புரேட்டருக்குச் சற்றுக் கீழே இணைப்பு அமைய வேண்டும். ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளையில் துளையிட்டால், அந்த ஒரு பிளக் மட்டும் கறுத்துக்கொண்டே இருக்கும். பழைய குழாயை அடைக்கவும், ஸ்லோ ஸ்பீடு கலவையைத் திரும்ப சரிசெய்யவும் மறக்கக் கூடாது. இன்னொன்று: நீண்ட காலம் மூச்சடைத்துக் கிடந்த இன்ஜினில் உடனே அழுக்கைக் கரைக்கும் புது ஆயிலை ஊற்றினால், இளகும் கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடக்கூடும். நான் முதலில், ஆயில் தங்கும் அடித்தட்டான சம்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஆயில் ஊற்றுவது.

அந்த நான்கு சிலிண்டர் காரின் கம்ப்ரெஷன் நான்கிலும் சரியாகவே இருந்தது. இன்ஜினை இறக்கவில்லை, குழாயும் வலையும் சுத்தமாகி, சம்ப் கழுவப்பட்டபின், ஒழுகல் ஒரு பயணத்துக்குச் சில சொட்டுகளாகக் குறைந்தது. கயிற்று சீலிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மாதக்கணக்கில் நிறுத்தும்போது குழாய் வாயில் துணி செருகி, அதன் நினைவுக்கு ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டும்படி உரிமையாளரிடம் சொல்லி அனுப்பினேன். துணியை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், குளவி செய்த வேலையை நாமே செய்தவர்களாவோம்.