பாரிஸில் வீடு வாங்குமுன் தரைக்குக் கீழேயும் பாருங்கள்

பாரிஸுக்கு வரும் உறவினர்களைக் கட்டகோம் என்ற நிலத்தடி எலும்புக் கிடங்குக்கு அழைத்துப் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. 131 படி இறங்கினால், 20 மீட்டர் ஆழத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். எல்லோரும் மண்டையோடுகளைப் படம் எடுப்பார்கள். மண் ஆய்வுப் பொறியாளனான நான் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

அது கல்லறையாகத் தோண்டப்பட்ட இடமே இல்லை, கல்குவாரி. பாரிஸின் பழைய மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த இடம். வெட்டியவர்கள் போனார்கள், நிலத்தடியில் வெற்றிடம் அப்படியே கிடந்தது, மேலே நகரம் வளர்ந்தது. 1774 டிசம்பரில் 'நரகத் தெரு' என்று ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்த தெருவில் ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்குத் தரை உள்வாங்கியது. 1777-இல் அரசர் கல்குவாரிகளுக்கென்று தனி ஆய்வுத்துறையை ஏற்படுத்தி, ஷார்ல் அக்ஸெல் கியோமோ என்ற கட்டடக் கலைஞரை நியமித்தார். அவர் தெருக்களுக்கு நேர் கீழே சுரங்கவழிகள் அமைத்து, தூண் எழுப்பி, மேலே உள்ள தெருவின் பெயரைக் கீழேயும் கல்லில் பொறிக்கச் செய்தார். என் தொழிலில் இவ்வளவு பொறுமையான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எலும்புகள் வந்தது அதற்கப்புறம்தான். நகர நடுவில் இருந்த இன்னொசாந்த் இடுகாடு நிரம்பி வழிய, 1780-இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் பிணங்களின் பாரம் தாங்காமல் உடைந்தது. இடுகாட்டை மூடிவிட்டு, 1785 முதல் இரவு நேரங்களில் வண்டிகளில் எலும்புகளை இங்கே கொண்டுவந்தார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன? தெற்குப் புறநகர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் தோட்டத்தோடு வீடு வாங்குகிறார்கள். அந்த ஊர்கள் பலவற்றின் அடியிலும் இதே போன்ற குவாரிகள் உண்டு. 1961-இல் க்ளாமார் பகுதியில் பழைய சுண்ணக்குவாரி சரிந்து 21 பேர் இறந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் அழைத்தார். "தம்பி, தோட்டத்தில ஒரு இடம் தாழுது. ரெண்டு தரம் மண் போட்டு மூடிட்டன், திரும்பவும் தாழுது" என்றார். போய்த் துளையிட்டோம். நாலு மீட்டர் தாண்டியதும் துளைக்கம்பி தடையே இல்லாமல் கீழே போனது. கேமராவை இறக்கினால், மணி கவிழ்த்த வடிவில் வெற்றிடம். குவாரியின் கூரைக்கல் வெடித்து விழ, அதற்கு மேலே உள்ள மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர, வெற்றிடம் மேல்நோக்கி ஏறிவரும். இதை இங்கே 'ஃபோந்தி' என்பார்கள். தரைக்கு மேலே கடைசி வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அதை வேகப்படுத்துவது தண்ணீர். ஐயா வீட்டில் கழிவுநீர்க் குழாய் உடைந்து, நீர் நேராக அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போட்ட மண்ணும் அதோடு கீழே போயிருந்தது. குழாயை மாற்றி, துளைகள் வழியாகச் சிமென்ட் கலவையைச் செலுத்தி நிரப்பினோம். செலவு முழுதும் அவருடையதே. பிரெஞ்சுச் சட்டப்படி நிலம் யாருடையதோ, அதன் அடியில் இருப்பதும் அவருடையது.

அதனால் கையெழுத்துப் போடுமுன் விற்பவர் தரும் இடர் அறிக்கையில் 'குவாரி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்றில்லை. முன்னே சொன்ன கல்குவாரி ஆய்வுத்துறையின் வரைபடம் கேளுங்கள், அடியில் பலப்படுத்திய ஆவணம் உண்டா என்று கேளுங்கள். குடியேறிய பிறகு கழிவுநீர்க் குழாய்க்குள் ஒருமுறை கேமரா விட்டுப் பாருங்கள். மழைநீரை எங்காவது குழி வெட்டி உள்ளே விடாதீர்கள். தரை தட்டு போலத் தாழ்ந்தால் மண் போட்டு மூடாமல், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தடுத்துவிட்டு, அன்றே நகராட்சிக்குச் சொல்லுங்கள்.