குவியலுக்குள் எரியும் அடுப்பு

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, முயர் கடற்கரையை ஒட்டிய பள்ளத்தாக்கில் கிரீன் கல்ச் என்ற ஜென் பௌத்தத் தியான மையம் 1972-ல் தொடங்கப்பட்டது. விடியலுக்கு முன் தியானத்தில் அமர்பவர்களே பிறகு வயலிலும் இறங்குகிறார்கள். பசிபிக் பெருங்கடலின் மூடுபனியால் அங்கே கோடையும் குளிர்ச்சிதான். தக்காளிக்கு ஆகாத அந்தக் குளிர், லெட்டூஸ் கீரைக்கும் உருளைக்கிழங்குக்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

ரசாயன உரம் போடாத நிலம் அது. கீரை அறுத்துச் சமையலறைக்குப் போகும்போதெல்லாம் மண்ணிலிருந்து தழைச்சத்தான நைட்ரஜனும் கூடவே போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவரும் வழிகளில் முக்கியமானது மட்கு உரக் குவியல். ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர் இங்கே வந்து ஆழக் கொத்திய மேட்டுப்பாத்திகளையும் மட்கு உரத்தையும் வலியுறுத்தினார். 1980-ல் அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான்.

காய்கறித் தோல், வாடிய இலை, வைக்கோல் எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்த குவியலுக்குள் ஒரு கம்பியைச் செருகி, இரண்டு மூன்று நாள் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுடும். வெயிலின் சூடல்ல அது. உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று மூச்சு விடுகின்றன. அந்த மூச்சில் வெளிப்படும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் குவியலுக்குள்ளேயே தேங்குகிறது.

அவற்றுக்கும் சமச்சீர் உணவு வேண்டும். தொடக்கத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 30 பங்கு கார்பன் இருப்பது நல்லது. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், வைக்கோலில் கார்பன் அதிகம். என் வீட்டு மாடியில் முதல் முறை வெறும் காய்த் தோலாகவே கொட்டினேன். நான்காம் நாள் அமோனியா நெடி மூக்கைத் துளைத்தது. மிஞ்சிய நைட்ரஜன் காற்றில் போய்க்கொண்டிருந்தது. செடிக்குச் சேர வேண்டிய சத்து அது. காய்ந்த இலைகளைக் கலந்த பிறகுதான் நெடி அடங்கியது.

லெட்டூஸைப் பச்சையாகவே தின்பார்கள் என்பதால் இந்தச் சூடு இன்னும் முக்கியமாகிறது. சாணத்திலும் கழிவிலும் ஈ. கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் ஒளிந்திருக்கலாம். சாணம் சேர்த்து நீள்குவியலாக மட்கவைத்தால் குறைந்தது 55 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்கின்றன அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள். புரட்டும்போது வெளிப்புறம் கிடந்தது உள்ளே போய் வேகிறது. மூச்சுக்குத் தேவையான காற்றும் நுழைகிறது. சூடு 70-ஐத் தாண்டினால் நல்ல நுண்ணுயிர்களும் மடியத் தொடங்கும்.

குவியல் மட்டுமே போதாது. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யும். அப்போது அவரை இனச் செடிகளை விதைத்துப் பிறகு மண்ணோடு சேர்க்கிறார்கள். நம் உழவர்கள் தக்கைப்பூண்டைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது இதே அறிவுதான். அந்தச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தின் நிறம் அது. ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு ஆக்சிஜன் ஆகாது; அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது இந்தப் புரதம். இளஞ்சிவப்பு தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

குவியலின் சூடு தணிந்த பிறகு ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியா வகை வெள்ளை நூல்களாகப் படர்கின்றன. முதல் மழையில் கிளம்பும் மண்வாசனையும் இவை தரும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளால்தான். அந்த மணம் வந்துவிட்டது என்பதற்காக உடனே பாத்தியில் கொட்டிவிடக் கூடாது. முதிராத மட்கில் இருக்கும் கரிம அமிலங்கள் இளவேரைக் கருக்கிவிடும். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மட்கை எடுத்து ஈரமாக்கி, பத்து முள்ளங்கி விதைகளைத் தூவிப் பாருங்கள். நான்கைந்து நாளில் எல்லாம் முளைத்து நிமிர்ந்து நின்றால் மட்கு பாத்திக்குப் போகலாம்.