கடல் இரைச்சலும் நனவிலி மனமும்

நனவிலி மனம், அதாவது நாம் அறியாமலே இயங்கும் மனதின் பகுதி என்றதும் பலருக்கும் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டுதான் ஞாபகம் வருவார். அவர் பிறப்பதற்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் (1646–1716) இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

மனதில் ஓர் எண்ணம் ஓடினால் அது மனதுக்குத் தெரியாமல் இருக்காது என்று இங்கிலாந்தின் தத்துவ அறிஞர் ஜான் லாக் வாதிட்டார். அதற்கு மறுப்பாக லைப்னிட்ஸ் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1704-இல் லாக் இறந்துபோகவே, அதை வெளியிடாமல் வைத்துவிட்டார். அது அச்சேறியது 1765-இல்.

அதில் வரும் கடல் உதாரணம் புகழ்பெற்றது. கரையில் நிற்பவருக்கு ஒரே பேரிரைச்சல் கேட்கிறது. அலைகளின் ஓசையெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இரைச்சல். ஒற்றை அலையின் ஓசை தனியாக வந்தால் நம் கவனத்துக்கே வராது. ஆனாலும் ஒவ்வோர் அலையும் நமக்குள் கொஞ்சமாவது பதிந்தாக வேண்டும். லட்சம் பூஜ்யங்களைக் கூட்டினாலும் பூஜ்யம்தானே! நுண்கணிதத்தை (calculus) உருவாக்கிய இருவரில் ஒருவர் லைப்னிட்ஸ். மிக நுண்ணியவை சேர்ந்து பெரிதாகும் என்ற யோசனை இவருக்கு இயல்பாகவே வந்திருக்கும்.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அலையின் ஓசை காதைத் தொட்டது சரி, மனதைத் தொட்டதா? அவர் சொல்லும் இன்னொரு அனுபவம் எனக்கு இதைவிட வலுவாகப் படுகிறது. நாம் கவனிக்காத ஒரு சத்தத்தை, 'இப்போது கேட்டதே!' என்று பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார். உடனே, 'ஆமாம், கேட்டது' என்று நமக்கும் நினைவு வருகிறது. மனதில் பதியாத ஒன்று எப்படி நினைவுக்கு வரும்? பதிந்திருக்கிறது, கவனம்தான் அதன்மேல் விழவில்லை. வேண்டாத எண்ணங்கள் அமுக்கி வைக்கப்படுகின்றன என்பார் ஃப்ராய்டு; இங்கே அப்படி எதுவும் அமுக்கி வைக்கப்படவில்லை. கவனம் விழாததற்கு அந்த உணர்வுகளின் நுண்மையும் நெரிசலும் அவை நமக்குப் பழகிப்போனதும்தான் காரணம்.

அப்புறம் இந்த யோசனை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பரவியது. தத்துவப் பேராசிரியர் பாம்கார்டன் 1739-இல் வெளியிட்ட நூலில் ஆன்மாவின் அடித்தளமே மங்கலான உணர்வுகள்தான் என்றார். அந்த நூலைப் பாடமாக வைத்துப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவர் தத்துவ அறிஞர் கான்ட். 1798-இல் அவர் ஓர் எளிய உதாரணம் தந்தார். தொலைவில் புல்வெளியில் ஒரு மனிதர் நிற்பது தெரிகிறது. அவருடைய கண், மூக்கு, வாய் எதையும் கண்டதாக நமக்கு உணர்வில்லை. அதற்காக அவற்றைப் பார்க்கவே இல்லை என்றால், தலையையோ மற்ற உறுப்புகளையோ பார்த்ததாகவும் சொல்ல முடியாது. மனிதரைப் பார்த்தேன் என்று சொல்லவும் வழியில்லை. இப்படி நாம் அறியாமலே மனதில் கிடப்பவைதான் மிக அதிகம் என்பது கான்ட்டின் முடிவு.